மந்திரிச்ச வண்டி

வாரத்தில் ஆறு நாள் நான் ரோடு ரோலர் ஓட்டுகிறவன். ஒகேனக்கல் சாலையில் நான் வண்டியை நகர்த்திக்கொண்டிருக்கும்போது ஆடு ஓட்டிப் போகிறவர்கள்கூட என்னைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவனுக்கு வேகத்தின் மேல் ஆசை வராமல் வேறு யாருக்கு வரும்?

மிச்சம் பிடித்து ஒரு பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிள் வாங்கி அதை ரேஸ் வண்டியாக்கினேன். ஹெட்லைட், ஹாரன், பின் சீட்டு, ஸ்டாண்டு, கிக்கர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி எடையைக் குறைத்தேன். அதற்குப் பிறகு யாராவது தள்ளிவிட்டால்தான் வண்டி கிளம்பும். ஹேண்டிலைத் தாழ்த்தி சைலன்சரை மாற்றியதும், அதன் சத்தத்துக்குக் கறவை மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டன. முன்னால் பதினேழு என்று நம்பர் எழுதி, மெட்ராஸுக்குப் பக்கத்தில் சோழவரத்து ரேஸில் மூன்று வருஷம் ஓட்டினேன். கோப்பை ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் வருஷம் விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டு வந்தேன்.

கையில் கட்டோடுதான் எனக்கும் ராஜமேரிக்கும் நிச்சயம் நடந்தது. அவள் எங்கள் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் எங்கள் பேரைப் படித்து, தடை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்பார். அதற்கு ஓலை படிப்பது என்று பேர். நிச்சயத்தன்று எல்லோரும் பந்திக்குப் போன நேரத்தில் ராஜமேரி என்னிடம் வந்தாள்.

"மூணாவது ஓலை படிக்கறதுக்குள்ள அந்த வண்டி உங்க வூட்ட விட்டுப் போயிருக்கணும்ங்க. இல்லீன்னா நானே எழுந்து நின்னு தடை சொல்லிடுவேன்."

எங்கள் கோயிலில் ஓலைக்கு எவரும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. ஆனால் ராஜமேரி சொன்னால் செய்கிறவள். அந்தக் குணத்துக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது, இப்போது அதுவே என் கழுத்துக்கு வந்து நின்றது.

எண்பத்தாறு ஆடி மாதம் முதல் ஓலை படித்தார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வண்டி விற்பனைக்கு என்று அட்டை எழுதி மாட்டினேன். வந்து பார்த்தவர்கள் ஹாரன் எங்கே, லைட் எங்கே, பெண்டாட்டியை எங்கே உட்கார வைப்பது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் பால் வியாபாரி மாரியப்பன் மட்டும் மசிந்தார். கேரியர் வைத்து இரண்டு பக்கமும் பால் கேன் மாட்டிக் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். டேங்க்கைத் தடவிக்கொண்டே, வண்டி எங்காவது விழுந்திருக்கிறதா என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒரு தடவை விழுந்துச்சுங்க. வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்ல. சாமியார் மந்திரிச்ச வண்டிங்க."

மாரியப்பன் டேங்க்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

எங்களுக்கு அது சாதாரண வார்த்தை. சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தால் மந்திரித்தது. புது வீடு, கிணறு, ஜெபமாலை எல்லாமே எங்களுக்கு மந்திரித்ததுதான். மாரியப்பன் ஊரில் மந்திரிப்பது என்றால் பேய் பிடித்தவருக்கு வேப்பிலை அடிப்பதும் சூனியம் எடுப்பதும். நான் விளக்கிச் சொல்வதற்குள் அவர் சைக்கிளில் ஏறி, நான் ரேஸில்கூடப் பார்க்காத வேகத்தில் போய்விட்டார்.

நாலே நாளில் என் வண்டிக்குப் பெரிய பேர் வந்துவிட்டது. லைட்டில்லாமல் அதுவே வழி கண்டுபிடித்துப் போகுமாம், என்னைக் கீழே தள்ளியதே அதுதானாம். சுவரில் சாய்த்து வைத்திருந்த வண்டியின் காலடியில் யாரோ மூன்று எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். என் அம்மா மிக்கேலம்மாள் அவற்றை நறுக்கி ஊறுகாய் போட்டுவிட்டாள். எனக்கு அந்த ஊறுகாய் இறங்கவில்லை. ஆடிப் பதினெட்டும் இரண்டாவது ஓலையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்தன. ராஜமேரி பெண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள். இன்னும் ஒரு வாரம்.

அந்த ஆடிப் பதினெட்டுக்குச் சந்தைமேட்டில் மரணக் கிணறு போட்டிருந்தார்கள். பலகையால் கட்டிய உயரமான கிணறு, அதன் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவார்கள். அடுத்த சனிக்கிழமை மாலை, அங்கே வண்டி ஓட்டும் பாஞ்சாலி தன் புருஷனோடு எங்கள் வீட்டுக்கு வண்டி பார்க்க வந்தாள். முப்பது வயதிருக்கும். பேண்ட் சட்டை, காதில் பெரிய கம்மல். லைட் இல்லை, ஹாரன் இல்லை என்று நான் குறைகளைச் சொல்லச் சொல்ல, அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"கெணத்துக்குள்ள ஆருக்குங்கண்ணா ஹாரன் அடிக்கறது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மந்திரிச்ச வண்டின்னாங்களே, அது கெடுதலுக்கா, காவலுக்கா?" என்று கேட்டாள்.

காவலுக்கு என்றேன். அப்படியானால் தன் பேரிலும் ஒரு தடவை மந்திரித்துக் கொடுக்க வேண்டும், தினமும் எட்டு ஆட்டம் ஓட்டுகிறவளுக்குக் காவல் வேண்டாமா என்றாள். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, காலையில் பூசை முடிந்ததும் கோயிலுக்கு வரச் சொன்னேன். புருஷன் தள்ள, அவள் ஏறி ஓட்டிக்கொண்டு போனாள். சத்தம் தேய்ந்து மறையும்வரை நான் தெருவிலேயே நின்றேன். ஆனாலும் சந்தோஷம்தான். ஓலை படிக்கிற நாட்களில் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் ராஜமேரிக்கு விஷயத்தைப் பூசைக்குப் பிறகு நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

பாஞ்சாலிக்குக் காலையிலேயே முதல் ஆட்டம். ஆகவே சீக்கிரமே கிளம்பிவிட்டாள். சாமியார் மூன்றாவது ஓலையைப் படித்து, தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சொல்லி வாய் மூடவில்லை, வெளியே யெஸ்டியின் சத்தம் ஜன்னல் கண்ணாடிகளை உலுக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றது.

பெண்கள் பக்கத்தில் ராஜமேரி எழுந்து நின்றாள்.

சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "என்னம்மா, பொண்ணே தடை சொல்லுதா?"

"வண்டிய இன்னும் விக்கலைங்க சாமி," என்றாள். குரல் நடுங்கியது. அவள் கோபத்தில் நிற்கவில்லை, என்னை இழந்துவிடுவோம் என்ற பயத்தில் நிற்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் எழுந்தேன்.

"வித்தாச்சுங்க சாமி. நேத்தே வித்தாச்சு."

"வாங்கனது நாந்தானுங்க," என்று வாசலிலிருந்து பாஞ்சாலியின் குரல் கேட்டது. சபையே திரும்பியது. பேண்ட் போட்ட பெண்ணைக் கண்டதும் ராஜமேரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தடை எதுவும் இல்லை என்று சாமியார் எழுதிக்கொண்டார். அவர் சிரிப்பை அடக்கியது கடைசி வரிசைக்கே தெரிந்தது.

பூசை முடிந்ததும் மொத்தச் சபையும் வண்டியைச் சுற்றி நின்றது. சாமியார் ஜெபம் சொல்லி வண்டிக்கும் பாஞ்சாலிக்கும் தாராளமாகவே தீர்த்தம் தெளித்தார். பாஞ்சாலி முகத்தைத் துடைத்துக்கொண்டு, ராஜமேரியைப் பார்த்து, கல்யாண மாப்பிள்ளை கோயிலைச் சுற்றி ஒரே ஒரு சுற்று வந்துவிட்டுத் தரட்டுமா என்று கேட்டாள். எல்லோரும் ராஜமேரியின் முகத்தையே பார்த்தோம். அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். நான் ஏறியதும் தள்ளினாள்.

அவளைப் பயமுறுத்தக் கூடாது என்று, ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் திருகி, கோயிலை மெல்லச் சுற்றி அவள் முன்னால் வந்து நிறுத்தினேன். அவள் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ரோலர்லயே வந்திருக்கலாம்ங்க," என்றாள். "இன்னொரு சுத்து போங்க. இந்தத் தடவை ஓட்டுங்க."

ஓட்டினேன்.