ஏர் எடுக்க இரண்டு பேர்

ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்குப் புளி ஏற்றிக்கொண்டு மலையிறங்கிய பாண்டுரங்கனின் லாரி, நாலாவது வளைவு தாண்டியதும் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றுபோனது. எழுபத்தொன்பதாம் வருடம், பங்குனி மாதக் காலை. கிளீனர் லீவு. வண்டியில் கூட இருந்தவள் பச்சையம்மா மட்டும்தான். தன் மூன்று மூட்டைப் புளியைத் தானே சந்தையில் விற்பேன் என்று மலையிலிருந்து கிளம்பி வந்தவள்.

பாண்டுரங்கன் பதறவில்லை. சக்கரங்களுக்குக் கல் வைத்தான். சீட்டுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்தான். டாங்கிலிருந்து வரும் டீசல் பைப்பில் மயிரிழை விரிசல். அதன் வழியாகக் காற்று உள்ளே போய் 'ஏர்' பிடித்திருந்தது. துணி சோப்பைப் பிசைந்து அப்பி, சைக்கிள் டியூப்பை நறுக்கி மேலே இறுக்கிக் கட்டினான். விரிசல் அடைபட்டது. ஆனால் உள்ளே போன காற்றை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து செல்ஃப் அடித்து என்ஜினைச் சுழற்ற, இன்னொருவர் டீசல் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, காற்று போனதும் இறுக்க வேண்டும்.

"நீ கொஞ்சம் செல்ஃப் அடிமா."

"நானா? அது கெளம்பி ஓடிச்சின்னா யார் புடிக்கிறது?" என்று பச்சையம்மா நாலடி தள்ளி நின்றாள்.

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு காலி லாரி ஏறி வந்தது. ஒதுங்க இடமில்லாமல் நின்றது. இறங்கியவன் காசி, பாண்டுரங்கனின் தங்கை புருஷன். எட்டு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. காசியின் மகளுக்குக் காது குத்தியபோது, மடியில் உட்கார வைக்க வேண்டிய தாய்மாமன் நேரத்துக்கு வரவில்லை. காசி கோபத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டான். பிறகு வந்து சேர்ந்த பாண்டுரங்கன் சாப்பிடாமலே திரும்பிவிட்டான்.

காசி பச்சையம்மாவைப் பார்த்துக் கேட்டான்: "ஏமா, இந்த வண்டிக்கு இன்னா?"

"ஏர் புடிச்சிருக்குன்னு சொல்லுமா," என்றான் பாண்டுரங்கன்.

"ஏர் புடிச்சிருக்காம்."

"நான் செல்ஃப் அடிக்கணுமான்னு கேளு."

"அடிச்சா நல்லதுன்னு சொல்லு."

பச்சையம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இங்கதான நிக்கிறீங்க ரெண்டு பேரும்?"

காசி ஏறி உட்கார்ந்தான். தூக்கி வைத்த பானெட் மறைத்ததில் அவனுக்கு எதுவும் தெரியவில்லை. பாண்டுரங்கன் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தினான்.

"அடிக்கச் சொல்லு!"

"அடிக்கச் சொல்றாரு!"

செல்ஃப் உறுமியது. நுரை வந்தது, பிறகு சுத்தமான டீசல். "நிறுத்தச் சொல்லு!" பச்சையம்மா மூட்டை சரிகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டீசல் பாண்டுரங்கனின் மீசையில் பீய்ச்சியது.

"இப்ப இன்னாமோ சொன்னீங்களே?" என்றாள்.

அடுத்த நட்டு. இம்முறை அவள் ஒழுங்காகத்தான் கத்தினாள். செல்ஃப் சத்தத்தில் காசிக்குக் கேட்கவில்லை. டீசல் கண்ணிலேயே அடித்தது.

"யோவ் மாப்ள! நிறுத்துய்யா!"

சட்டென்று நின்றது. காசி இறங்கி வந்து, முகமெல்லாம் டீசல் வழிய நின்றவனைப் பார்த்தான். உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. சிரித்துக்கொண்டே தோள் துண்டை நீட்டினான்.

"காதுகுத்து அன்னிக்கும் வண்டிதான் மச்சான் நின்னுச்சா?"

"பின்ன? வேணும்னா வராம இருந்தேன்?"

"ஆள் அனுப்பறதுதான?"

"காட்டுல யார அனுப்புவேன்? கொரங்கையா?"

மிச்ச நட்டுகளுக்கு "அடி", "போதும்" என்ற இரண்டு சொற்களே போதுமாயிருந்தன. என்ஜின் பிடித்துக்கொண்டது.

உடனே அடுத்த பிரச்சினை வந்தது. வழி விட யார் வண்டியைப் பின்னால் எடுப்பது? ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்றான் காசி. லோடு வண்டியை மேட்டில் ரிவர்ஸ் எடுத்துக் காட்டு பார்க்கலாம் என்றான் பாண்டுரங்கன். குரல் ஏறிக்கொண்டே போனது. கால் மணி நேரம் ஆயிற்று.

"நீங்க பேசாம இருந்தப்பவே தேவலாம். சீக்கிரமா வேல நடந்துச்சு," என்றாள் பச்சையம்மா.

காசிதான் கீழ் வளைவு வரைக்கும் ரிவர்ஸில் போனான், வழியெல்லாம் திட்டிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை பாண்டுரங்கன், மருமகளுக்குக் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனான். அவனுக்கும் காசிக்கும் சோறு போட்டபடி தங்கை சாந்தம்மாள் கேட்டாள்: "யாரு மொதல்ல பேசினது?"

"இவருதான்," என்று இருவரும் ஒருவரையொருவர் காட்டினார்கள்.