பதினோரு கற்களும் ஒரு பல் பிரஷும்

குளித்துவிட்டு வந்தவள் பால்கனியைப் பார்த்து அப்படியே நின்றாள். மலைச்சாலைக்காக வெட்டிய சரிவில் மூன்று நாள் தொங்கி அவள் பெயர்த்து வந்த பதினோரு கற்களும், உயர வரிசையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் பழைய பல் பிரஷோடு அவள் கணவர்.

"யாரோ கிறுக்கி வேற வெச்சிருந்தாங்க. சோப்புக்குப் போகல. பெயின்ட் தின்னர் போட்டுத்தான் எடுத்தேன்," என்றார் பெருமையாக.

அந்தக் கிறுக்கல்தான் அவளுடைய மூன்று நாள். கல்லைப் பெயர்க்கும் முன்பே, வடக்கு எது, எந்தப் பக்கம் சரிந்து கிடந்தது என்று அதன் மேலேயே அம்புக்குறி போட வேண்டும். கோண அளவுகள் நோட்டில் இருந்தன. அவை கல்லின் எந்த முகத்துக்கு என்பதுதான் தின்னரோடு போயிற்று. திரும்பப் போகவும் வழியில்லை. நேற்றே சரிவு முழுக்க சிமெண்ட் அடித்துவிட்டார்கள்.

அவற்றில் ஒன்று, ஒரு காலத்தில் வெறும் சேறு. பல மைல் ஆழத்தில் புதைந்து, உருகாமலே வெந்து, அழுத்தத்தில் ஏடு ஏடாகி, உள்ளே சிவப்பு கார்னெட் மணிகள் முளைத்து, மேலே இருந்த மலை மழையில் கரையக் கரைய வெளிச்சத்துக்கு வந்த கல். எந்தத் திசையில் தள்ளப்பட்டு வந்தது என்பதை அந்த மணிகள் உருண்ட விதம் சொல்லும். அவளுடைய நான்கு வருட ஆய்வுக்கு அதுதான் கடைசிச் சான்று. வடக்கு தெரியாத கல் வாய் திறக்காது.

இதையெல்லாம் குரல் உயராமல் சொல்லி முடித்தாள். கெட்டது செய்தவரோடு சண்டை போட்டுத் தீர்க்கலாம். இருபத்தாறு வருடமாக நல்லது செய்யவே கிளம்புகிற மனிதரை என்ன செய்வது? ஓய்வு பெற்ற பிறகு அந்த நல்லதும் முழுநேரமாகிவிட்டது.

அவர் முகம் செத்துப் போயிற்று. உள்ளே போனார், வந்தார், மறுபடி போனார்.

"ஒரு போட்டோ இருக்கு. கழுவுறதுக்கு முன்னாடி எடுத்தது."

"குடுங்க."

"என் ஃபோன்ல அழிச்சிட்டேன். தங்கச்சிகிட்ட இருக்கும்."

"அவகிட்ட எதுக்கு?"

அவர் பிரஷின் முடிகளை ஆராய்ந்தார்.

கேட்ட இரண்டே நிமிடத்தில் நாத்தனார் அனுப்பிவிட்டாள், அண்ணனோடு நடந்த முழு உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து. மண் சிந்திய தரை, குவியலாகக் கற்கள். ஏழு கற்களில் அம்புக்குறி தெளிவாகத் தெரிந்தது. முன்னால் கிடந்தது கார்னெட் கல். கீழே அவர் எழுதியிருந்தார்: 'உன் அண்ணி வீட்டை வெச்சிருக்கிற லட்சணத்தைப் பாரு.' அதற்குத் தங்கச்சி: 'பாவம்ணா நீ.'

ஆத்திரப்படுவதா, கும்பிடு போடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பேனாவோடு தரையில் உட்கார்ந்தாள்.

"பிடிங்க. அசையக் கூடாது."

பச்சைக் குழந்தையைப் போல அவர் கல்லை ஏந்திக்கொண்டார். படத்தைப் பார்த்துப் பார்த்து, விரிசலோடு விரிசல் பொருத்தி, அம்பை இழுக்கத் தொடங்கினாள்.

"இந்த மாதிரி இன்னும் என்னென்ன போட்டோ அனுப்பியிருக்கீங்க?"

கல் அசைந்தது.

"அசையக் கூடாதுன்னு சொன்னேன்."