முதல் அதிகாரத்துக்கு அப்புறம்

“இழுத்துப் பிடி. உன் பக்கம் தொங்குது.”

“என் பக்கம் சரியாத்தான் இருக்கு அத்தை. நீங்கதான் முன்னாடி வந்துட்டீங்க.”

“வயசானா கால் தானா முன்னாடி போகும். பேச்சை மாத்தாதே. ஞாயித்துக்கிழமை என்கூட வந்து நிக்க மாட்டேன்னா என்ன அர்த்தம்?”

மருமகள் படுக்கை விரிப்பை உதறினாள். இருவருக்கும் நடுவே அது கூரைபோல உப்பி எழுந்து அடங்கியது. தங்கும் விடுதியின் பின்பக்கச் சலவை அறையில் இருவருக்கும் வேலை. ஈரத் துணியின் வெக்கையில் ஜன்னல் கண்ணாடி எப்போதும் மங்கியே இருக்கும். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று முனைகளைப் பிடித்து, உதறி, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து விரலோடு விரல் சேர்த்துத் துணியைக் கைமாற்ற வேண்டும். அத்தையின் ஒரே மகன், இவளுடைய கணவன், காய்ச்சலில் போன பிறகு இருவரும் இப்படித்தான் நாள் முழுக்க நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் போகும் தேவாலயச் சபையில் மருமகளுக்குப் பட்டப்பெயர் ‘நம்ம மோவாபு’. வேதாகமத்தில் மோவாப் தேசத்து மருமகள் ஒருத்தி வருகிறாள். புருஷன் செத்த பிறகும் மாமியாரைத் தனியே விடாமல், அவள் ஊருக்கே கூட நடந்து போனவள். வருஷந்தோறும் பெண்கள் ஐக்கியத்தின் ஞாயிறன்று அத்தை அந்தக் கதையின் முதல் அதிகாரத்தை வாசிப்பாள். மருமகள் பக்கத்தில் நிற்பாள். முன்வரிசை கண்ணைத் துடைத்துக்கொள்ளும். பிறகு எல்லோரும் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

“எனக்கு வெட்கமா இருக்கு அத்தை.”

“இத்தனை வருஷம் இல்லாத வெட்கம் இப்ப எங்கிருந்து வந்துச்சு? லிஃப்ட்ல ஏறி வந்துச்சா?”

மருமகளின் கை நின்றது. விடுதி லிஃப்டைப் பழுது பார்க்க வரும் மெக்கானிக், மனைவியை இழந்தவர், சபையில் கடைசி பெஞ்சில் உட்காருபவர். போன வாரம் கையில் எண்ணெய்க் கறையோடு வாசலில் நின்று, தன்னைக் கல்யாணம் செய்துகொள்ள அவளுக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். அவளுக்குச் சம்மதம்தான். அத்தையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

“உங்களுக்கு எப்படி…”

“நல்லா ஓடற லிஃப்டை ஒரு மனுஷன் வாரத்துல மூணு தடவை வந்து பார்த்தா எனக்குத் தெரியாதா? அடுத்த விரிப்பை எடு.”

எடுத்தாள். இந்த முறை அவள் பக்கம் நிஜமாகவே தொங்கியது.

“நான் பாதியில விட்டுட்டுப் போறவன்னு சபை சொல்லும். அந்தப் பேரை வெச்சுக்கிட்டு அங்க வந்து எப்படி நிப்பேன்?”

“பேர் வெச்சவங்க கதையை முழுசாப் படிச்சாங்களா?”

மருமகள் படித்திருந்தாள், பலமுறை. அவளுக்கு அதில் பிடித்ததே, அற்புதம் என்று எதுவும் நடக்காததுதான். கடல் பிளப்பதில்லை, வானத்திலிருந்து குரல் வருவதில்லை. ஒருத்தி நடக்கிறாள், சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறாள். வயலுக்குச் சொந்தக்காரன் அவளுக்காக இன்னும் கொஞ்சம் சிந்தவிடச் சொல்கிறான். தேவன் எங்கே என்று தேடினால் அந்தக் கைகளில்தான் இருக்கிறார்.

“கடைசியில அவளுக்குக் கல்யாணம் ஆகுது,” என்றாள் மெல்ல.

“ஆகுது. குளிச்சு, நல்ல துணி உடுத்திக்கிட்டு அந்த வயல்காரர்கிட்டப் போன்னு அனுப்பினதே மாமியார்தான். எனக்கும் தெரியும். அதான் பயந்துபோய் முதல் அதிகாரத்தோடயே மூடிடுவேன்.” அத்தை நடந்து வந்து முனைகளைக் கைமாற்றினாள். விரல்கள் சூடாக இருந்தன. “மேல வாசிச்சா நீ போயிடுவியோன்னு பயம். அதே சமயம் ராத்திரி படுக்கும்போது, கர்த்தாவே இவளுக்கு ஒரு நல்ல வீட்டைக் கொடும்னு ஜெபமும் பண்ணுவேன். அவருக்கே தலை சுத்தியிருக்கும்.”

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

“அந்த வயல்காரரும் உங்களை மாதிரிதான் அத்தை. தேவன் உன்னைத் தன் சிறகால மூடிக் காப்பாத்தட்டும்னு அவளை ஆசீர்வதிச்சாரு. அதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சிருப்பாரு. அவ நேரா அவர்கிட்டயே போய், அப்ப என்னைக் கட்டிக்கிட்டு உங்க போர்வையை என்மேல விரிங்கன்னுட்டா.”

“கெட்டிக்காரி.”

“தேவன் செய்யட்டும்னு அவர் சொன்னதை, அவரையே செய்ய வெச்சா.”

அத்தை மடித்த விரிப்பை அடுக்கின் மேல் வைத்து உள்ளங்கையால் நீவினாள்.

“ஆக, என் ஜெபத்துக்கு நானே ஆமென் சொல்லணுங்கற.”

“நான் அப்படிச் சொல்லல.”

“கதை சொல்லுதே. சரி, ஞாயித்துக்கிழமை நாலு அதிகாரத்தையும் வாசிக்கிறேன். தேநீர் ஆறிப்போனாப் போகட்டும். முடிச்சதும் உன் மெக்கானிக்கை நானே எழுப்பி நிக்க வைக்கிறேன். கடைசி பெஞ்சுல தூங்காம இருக்கச் சொல்லு.” முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடையிலிருந்து ஒரு பெரிய விரிப்பை உருவினாள். “நீ சந்தோஷமாப் போ. நான் ஒத்தையா மடிச்சுக்குவேன்.”

மடித்தும் காட்டப் பார்த்தாள். ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு, கைகளை எட்டியவரை விரித்தாள். விரிப்பு அவளைவிடப் பெரியது. நடுப்பகுதி சரிந்து தரையில் புரண்டது. அவள் விடாமல் மறுபடி முயன்றாள்.

தன்னிடம் இருந்த ஒரே துணையைத் தானே வழியனுப்பும் இந்தப் பெண்ணை மருமகள் பார்த்துக்கொண்டே நின்றாள். கூட நடந்துபோன மருமகளைத்தான் சபை வருஷாவருஷம் புகழ்ந்தது. கையைத் திறந்து விட்ட மாமியாரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்தக் கதை அந்த மாமியாரைத்தான் கடைசிவரை கொண்டுபோகிறது. மருமகளுக்குப் பிறந்த பிள்ளையை அவள் மடியில் கிடத்திவிட்டுத்தான் முடிகிறது.

மருமகள் குனிந்து, தரையில் கிடந்த முனைகளை எடுத்து உதறினாள். விரிப்பு இருவருக்கும் நடுவே விறைத்து நின்றது.

“அத்தை, அவர் வீட்டுல ஜன்னல் வெச்ச ஒரு அறை சும்மாக் கிடக்கு. நான் கேட்டுட்டேன். அது உங்களுக்குத்தான்னு அவரும் சொன்னார். உங்க மகன் போனப்புறம் உங்க வீட்டை விட்டுப் போகமாட்டேன்னு நான் அடம்பிடிச்சப்ப, நீங்க என்னைக் கூட வெச்சுக்கிட்டீங்க. இப்ப நான் போற வீட்டுக்கு, நீங்க என்கூட வருவீங்களா?”