ஒரு நிமிடக் கதை

கோடை விடுமுறைக்கு வந்த என் மகள் பிரின் ஐஸ்கிரீம் கடை வேலைக்குப் போவாள் என்று நினைத்தேன். அவளோ கதவு தட்டி ஓட்டுக் கேட்கிற வேலையில் போய்ச் சேர்ந்தாள். ஆகஸ்டில் எங்கள் கான்சஸ் மாநிலத்தில் வாக்கெடுப்பு. கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சாசனத்திலிருந்து எடுத்துவிடலாமா, கூடாதா என்பது கேள்வி. கூடாது என்கிற பக்கத்துக்கு இவள் பயிற்சி ஊழியர். சம்பளம் பேருக்குத்தான். வீட்டுக்கு வீடு கோதுமை வயலைத் தாண்டிப் போக வேண்டிய ஊரில் கார் இல்லாமல் என்ன செய்வாள்? ஆக, ஓட்டுநர் நான்.

அவள் இறங்கிப் போவாள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் உட்கார்ந்திருப்பேன். விச்சிட்டா நகரத்திலிருந்து வந்திருந்த அவளுடைய மேற்பார்வையாளர் கமீல் ஒரு விதி வைத்திருந்தாள். வாசலில் சட்டம் பேசக்கூடாது, சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும், அதுவும் ஒரு நிமிடத்துக்குள். பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் என்ன கதை இருக்கும்?

"உனக்கு எதாவது நடந்திருக்காம்மா?" என்று சாப்பிடும்போது கேட்டாள்.

"எனக்கென்ன நடக்கப் போகுது? பேசாம சாப்பிடு."

நடந்திருந்தது. பிரின் பிறப்பதற்கு முன்னால், பையன்கள் இருவரும் கைக்குழந்தைகளாக இருந்தபோது, மூன்றாவதாக வந்த கருவைக் கலைத்தேன். என் கணவர் டேலுக்குத் தெரியும். அவரை விட்டால் அப்போது என் தோழியாக இருந்த வெர்னாவுக்குத் தெரியும். டேல் அறுவடையில் மாட்டிக்கொண்டதால் விச்சிட்டாவுக்கு என்னைக் காரில் கூட்டிப்போனவள் அவள்தான். திரும்பி வந்தபின் அதைப் பற்றி நாங்கள் பேசவேயில்லை. போகப்போக மற்றப் பேச்சும் நின்றது. இப்போதெல்லாம் ஞாயிறு பூசையில் பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்வதோடு சரி. ஊருக்குத் தெரியாத விஷயம் என் மகளுக்கும் தெரியாமலே போகட்டும் என்று இருந்தேன்.

ஜூலைக் கடைசியில் ஒரு சாயங்காலம் பிரினின் கைப்பேசி வெர்னாவின் வீட்டைக் காட்டியது.

"இந்த வீட்ட விட்டுரு" என்றேன்.

"ஏன்? இன்னும் முடிவு பண்ணாதவங்கன்னு போட்டிருக்கே."

"அவளா? மாதா பீடத்துக்குப் பூ வைக்கிறதே அவதான். வெயில் வேற கொல்லுது, இன்னொரு நாள் வரலாம்."

"நீ ஏசிலதானேம்மா உக்காந்திருக்க?"

இறங்கிப் போய்விட்டாள். வாய்க்கொழுப்பு எல்லாம் என்னைக் கொண்டுதான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல்முறையாகக் கண்ணாடியை இறக்கினேன்.

வெர்னா கை நிறைய மாவோடு கதவைத் திறந்தாள். பிரின் மூச்சு விடாமல் ஆரம்பித்தாள்.

"மிஸஸ் லைக்கர், எங்கம்மா கதைய சொல்லத்தான் வந்தேன். நான் பொறக்கறதுக்கு முன்னாடி அம்மா வயித்துல ஒரு குழந்தை தவறிப்போச்சு. ரத்தம் நிக்கவே இல்ல. டாக்டர் உடனே கலைக்கலன்னா அம்மா செத்தே போயிருப்பாங்க. நானும் இருந்திருக்க மாட்டேன்."

எங்கோ படித்ததை எடுத்து என் தலையில் கட்டியிருக்கிறாள். இத்தனை நாளாக ஊர் முழுக்க இதைத்தான் சொல்லி வந்திருக்கிறாள், நான் ஜில்லென்று உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

வெர்னா அவளைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"ஜெனெல்! எறங்கி வாடி இங்க."

போனேன்.

"சாகக் கெடந்தியாமே? போற வழியெல்லாம் ரேடியோவோட சேந்து பாடிக்கிட்டு வந்தவ யாரு? திரும்பி வர்றப்ப என்னோட ஹாம்பர்கரையும் சேத்துத் தின்னவ யாரு?"

"நான் சொல்லல வெர்னா. இவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

"என்ன தெரியாது?" என்றாள் பிரின்.

இனி மூடி மறைக்க ஒன்றுமில்லை.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் வரல. கல்லு மாதிரி இருந்தேன். ஒங்க அண்ணனுங்களே போதும்னு இருந்துச்சு, இன்னொண்ணு வேண்டாம்னு தோணுச்சு. போய்க் கலைச்சுட்டு வந்தேன். இவதான் கூட்டிட்டுப் போனா. அவ்வளவுதான்."

பிரினின் முகம் சிவந்துவிட்டது. "மத்தவங்க கதையில எல்லாம் யாராவது சாகப் போவாங்கம்மா. அப்பத்தான் ஜனங்க நின்னு கேக்கறாங்க."

"செத்தாத்தான் கேப்பீங்களா?" என்றாள் வெர்னா. "வேண்டாம்னு சொன்னா. ஏன்னு கேக்காம வண்டிய எடுத்தேன். சரியா தப்பான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. ஒவ்வொரு தவக்காலத்துலயும் சாமியார்கிட்ட அதச் சொல்லித்தான் அழறேன். இந்தப் பொண்ணு வந்து அப்படி ஒண்ணு நடக்கவே இல்லேங்கறா."

என்னைப் பிடிக்காமல்தான் பேச்சை நிறுத்தினாள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே வெர்னா."

"நீ நிம்மதியா இருந்த. அதையும் ஏன் கெடுக்கணும்?"

"மன்னிச்சிருங்க" என்றாள் பிரின். பயிற்சி எங்கே போகும், அடுத்த மூச்சில் கேட்டாள்: "நீங்க எந்தப் பக்கம் போடுவீங்க?"

"இன்னும் தெரியல. இந்தக் கதைக்காகப் போட மாட்டேன்" என்று வெர்னா கதவைச் சாத்திக்கொண்டாள்.

காரில் ஏறி வண்டியைக் கிளப்பினேன்.

"அப்ப நான்?" என்றாள் பிரின்.

"நீ பின்னாடி வந்தவ. வேணும் வேணும்னு பெத்துக்கிட்டது. இன்னிக்குத்தான் ஏன்டா பெத்தோம்னு இருக்கு."

சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அடுத்தது விதைக்கடை ராயின் வீடு. ராயிடம் ஒரு விஷயம் போனால் மறுநாள் காபிக்குள் ஊரைச் சுற்றிவிடும். வண்டியை அணைத்துவிட்டு நானும் இறங்கினேன். பிரின் மணியை அடித்தாள். ராய் தொப்பியோடு வந்து நின்றான். வணக்கம் சொல்லிவிட்டு அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். பழைய கதையை இனிச் சொல்ல முடியாது. என்னைப் பார்த்தாள்.

"ராய், நான் ஒரு தடவை கருவக் கலைச்சேன்" என்றேன். "சாகவெல்லாம் கெடக்கல. நல்லாத்தான் இருந்தேன்."