பிரேக் பச்சையாக இருக்கிறது

உண்மையெல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று எங்கள் செப்புச் சுரங்கத்தில் டேட்டாபேஸ் வாங்கினார்கள். அதுவரை உண்மை ஃபிட்டரின் இழுப்பறையிலும் ஃபோர்மனின் சட்டைப் பையிலும் எண்ணெய்க் கறையோடு கிடந்தது. இப்போது யாரும் தேட வேண்டாம். கணினியைத் திறந்தால் போதும், பச்சையாக இருக்கும்.

ஆட்களைப் பாறைக்குள் இறக்கப் புதிதாக ஒரு கூண்டு வந்திருந்தது. அது எப்படி இயங்க வேண்டும் என்ற ஒவ்வொரு தேவைக்கும் டேட்டாபேஸில் ஒரு வரி. எதிரே ஒரு சோதனை அறிக்கையை இணைத்தால் வரி பச்சை, இல்லையென்றால் சிவப்பு. அறிக்கைக்குள் என்ன இருக்கிறது என்று படிக்கும் கெட்ட பழக்கம் அதற்குக் கிடையாது. ஆவணப் பிரிவில் இருக்கும் எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

'முழுச் சுமையோடு இறங்கும் கூண்டை பிரேக் நிறுத்த வேண்டும்.' பச்சை. இணைத்திருந்த அறிக்கையைத் திறந்தேன். பழைய சுரங்கக் குழியில் ஓடிய சின்னக் கூண்டின் அறிக்கை. புதியது அதைவிட இரண்டு மடங்கு ஆட்களை ஏற்றும். திங்கட்கிழமை முதல் ஷிப்டில் இறங்குபவர்களில் என் தம்பி முத்தாலேயும் ஒருவன்.

திட்ட மேலாளர் கபாசா எண்ணெயில் பொரித்த விதும்புவா உருண்டைகளைத் தின்றுகொண்டிருந்தார். விரலெல்லாம் எண்ணெய்.

"பாஸ், புதுக் கூண்டோட பிரேக்கை யாருமே சோதிக்கலை."

"பச்சையா இருக்கே, பனா சிலேஷே." சிலேஷேயின் அம்மா என்றுதான் எல்லோரும் என்னைக் கூப்பிடுவார்கள்.

"வேற கூண்டோட அறிக்கையை ஒட்டியிருக்கு."

"ஒட்டினது நான்தான். பழைய சித்தெங்கே துணியை வெட்டி உங்க சிலேஷேக்குச் சட்டை தைக்கலையா நீங்க?"

"அந்தச் சட்டையை உங்களுக்குப் போட்டா தாங்குமா, பாஸ்?"

வயிறு குலுங்கச் சிரித்தார். "பச்சையாயி மூடின வரியைத் திறக்கணும்னா கமிட்டி கூடணும். அது அடுத்த மாசம். வெள்ளிக்கிழமை டைரக்டருங்க வர்றாங்க. போய் டீ குடிங்க."

முத்தாலேயிடம் போகாதே என்றேன்.

"நான் போகலைன்னா வேற ஒருத்தன் போவான், யாயா. என் பிள்ளைங்களுக்கு ந்ஷிமா யார் போடுவா, உன் கம்ப்யூட்டரா?"

மூடிய வரியைத் திறக்கத்தான் கமிட்டி வேண்டும். புது வரி சேர்க்க யார் அனுமதியும் வேண்டாம். வேலையைத் தானாகக் கூட்டிக்கொள்ளும் பைத்தியம் இங்கே இருக்காது என்று நினைத்திருப்பார்கள். நான் சேர்த்தேன்: 'முதல் ஷிப்டுக்கு முன், இந்தக் கூண்டில் முழுச் சுமைக்கு மணல் மூட்டை ஏற்றி, இறங்கும்போது பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும்.'

பச்சை வயலில் ஒரே ஒரு சிவப்பு.

கபாசா ஓடி வந்தார். சுரங்கத்தில் பாறை சரிந்தபோதுகூட அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"என்ன இது, புண்ணு மாதிரி? அழிங்க!"

"அழிக்கிறதுக்கும் கமிட்டி வேணும், பாஸ்."

"அப்ப எதையாவது ஒட்டுங்க!"

"ஒட்டிடலாம். இந்தக் கூண்டு, மணல் மூட்டைன்னு வரியிலயே இருக்கு. கீழ உங்க கையெழுத்து வேணும்."

அவர் போனை எடுத்து மணலுக்குச் சொன்னார்.

வியாழக்கிழமை முத்தாலேயின் கூட்டாளிகள்தான் மூட்டை ஏற்றினார்கள். கூண்டு இறங்கியது. பிரேக் அலறியது, கருகிய வாடை வந்தது, கயிறு ஓடிக்கொண்டே இருந்தது. நிற்க வேண்டிய தளத்தைத் தாண்டி அடிக்குழித் தண்ணீரில் கூண்டு விழுந்த சத்தம் மேலே வந்தது.

கபாசா முகத்தைத் துடைத்துக்கொண்டு என் காதருகே வந்தார். "சோதனை முடிஞ்சுதுல்ல? அறிக்கையை ஒட்டுங்க."

'நிற்கவில்லை' என்று எழுதி இணைத்தேன். பச்சை.

வெள்ளிக்கிழமை டைரக்டர்கள் திரையைப் பார்த்துக் கை தட்டினார்கள். திங்கட்கிழமைக்குள் கூண்டைத் தூக்கி, கழுவி, சுரங்க வாசலில் நிறுத்தியாயிற்று. சங்கு ஊதியது. ஷிப்டு ஆட்கள் எல்லோரும் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

கபாசா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்களிடம் திருப்பிக் காட்டினார். "பாருங்கப்பா, ஒரு சிவப்பு இருக்கா?"

"அழகா இருக்கு, பாஸ்," என்றான் முத்தாலே. "நீங்க முதல்ல ஏறிப் போயிட்டு வாங்க. அதுவரைக்கும் கம்ப்யூட்டரை நாங்க பிடிச்சுக்கிறோம்."

கபாசா கூண்டைப் பார்த்தார். அதன் தரையில் ஈரமணல் இன்னும் ஒட்டியிருந்தது.

"பனா சிலேஷே, அந்தக் கமிட்டி எப்போ?"

"அடுத்த மாசம்னு நீங்கதானே சொன்னீங்க, பாஸ்."

"இன்னிக்கே கூட்டுங்க."