நிரம்பிய நான்கு பீப்பாய்கள்

கோழி அடுப்பில் பாதி வெந்திருந்தது. காளான் ஊறிவிட்டது, கிரீமும் தயார். இனி ஊற்ற வேண்டியது ஒரு கோப்பை மஞ்சள் ஒயின்தான். ஒடில் குவளையை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள்.

மகள் கரீன் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறாள். சும்மா வருகிறவளா அவள்? அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கிற பேச்சோடுதான் வருவாள். வயிறாரச் சாப்பிடவைத்து, சிரித்துப் பேசி அனுப்பிவிட்டால் இன்னொரு மாதம் தள்ளிப்போடலாம் என்று ஒடிலுக்கு ஒரு நப்பாசை. கணவன் அர்மோன் தன்னோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை எப்படிக் கொண்டுபோய் விடுவது?

மூலைப் பீப்பாயின் கீழ்க்குழாயைத் திறந்து பிடித்து, குவளையை முகர்ந்தாள். மஞ்சள் ஒயினுக்கே உரிய வால்நட் வாசனை எங்கே? பச்சை ஆப்பிள் மாதிரி அடித்தது, போன அறுவடை ஒயினின் வாசனை. ஏறி நின்று மேல்தக்கையைப் பிடுங்கினாள். விளிம்புவரை ததும்பி நின்றது ஒயின். அடுத்த பீப்பாய், அதற்கடுத்தது, நான்கும் அப்படியே.

இந்த ஜூரா மலைநாட்டில் பிறந்த எவனும் இதைச் செய்யமாட்டான். மஞ்சள் ஒயினைப் பீப்பாயில் விட்டால், அடிக்குழாயில் ஒரு குவளை பிடிக்கலாமே தவிர, ஆறு வருஷத்துக்கு மேலே ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. அது குறையக் குறைய மேலே ஏடு படியும். அந்த ஏடுதான் எல்லாம், அது கலைந்தால் ஒயினும் போச்சு. ஆனால் அர்மோன் பக்கத்துச் சீமையான பர்கண்டிக்காரன். அங்கே பதினாலு வயதில் வேலைக்குப் போனவன். குறைந்த பீப்பாயை வாராவாரம் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் முதலாளி தோலை உரித்துவிடுவான். ஒடிலைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தபிறகு, அந்தக் கையை அடக்கியே வைத்திருந்தான். இப்போது பாழாய்ப்போன மறதி நோய் வந்து ஜூராவை அழித்துவிட்டது, பர்கண்டி மட்டும் மிச்சம். காலையில் அவள் கோழி வாங்கப் போன நேரத்தில், புது ஒயின் தொட்டியிலிருந்து ரப்பர் குழாய் போட்டு வேலையை முடித்திருக்கிறான்.

ஐந்து வருஷம் காத்திருந்தது வீண். இனி தலைகீழாக நின்றாலும் அது மஞ்சள் ஒயின் ஆகாது.

"அட பாவி மனுஷா," என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரைத் திட்டுவது? திட்டினால் அவனுக்குத்தான் புரியுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போய், அலமாரியிலிருந்த பழைய பாட்டிலைத் திறந்து கோழியில் ஊற்றினாள். கரீனிடம் மூச்சு விடக்கூடாது.

"என்னம்மா, கண்ணெல்லாம் செவந்திருக்கு?" என்றாள் கரீன், வந்ததும் வராததுமாக.

"வெங்காயம் உரிச்சேன்."

"இந்தக் கோழிக்கு நீ வெங்காயமே போடமாட்டியே?"

"இன்னிக்குப் போட்டேன். பேசாம சாப்பிடுடி."

அர்மோன் தட்டை வழித்துச் சாப்பிட்டான். கோம்தே சீஸ் துண்டோடு இரண்டு வால்நட்டை வாயில் போட்டு, ஒரு வாய் ஒயின் குடித்துக் கண்ணை மூடினான். கரீன் முகம் இளகியது. "அப்பா இன்னிக்கு நல்லாத்தான் இருக்காரு இல்ல?" என்றாள். ஒடிலுக்கு உயிர் திரும்பி வந்தது.

அர்மோன் ஒடிலைப் பார்த்து, யாரோ முதலாளியம்மாவிடம் பேசுவதுபோல மரியாதையாகச் சொன்னான்: "சாப்பாடு பிரமாதம்மா. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க நிலவறைய பாத்துக்கிறவன் சரியான சோம்பேறி. பீப்பாயெல்லாம் கொறஞ்சு கெடக்கு. நாலையும் நான் நெரப்பிட்டேன்."

கரீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "நாலுமா? அம்மா!"

"என் ஒயின்தானடி போச்சு? வேற யாருக்கு என்ன நஷ்டம்? நாளைக்கே பூட்டு வாங்கி மாட்டிடறேன். அவர் என்கூட இருக்கட்டும்டி, உனக்குப் புண்ணியமாப் போகும்."

கரீனின் கண்ணும் நிறைந்துவிட்டது.

"நாளைக்கு மேட்டு வீட்டுக்குப் போகணும்," என்றான் அர்மோன் உற்சாகமாக. "அப்புறம் சர்ச் பக்கத்துல ரெண்டு வீடு. இந்த ஊர்ல எவனும் நிலவறைய பூட்டுறதே இல்ல, பாத்துட்டு வந்துட்டேன். ஒரு வாரத்துல மொத்த ஊரையும் நெரப்பிடுவேன்."

ஒடில் மனசுக்குள் கணக்குப் போட்டாள். மேட்டு வீட்டுக்காரனின் மஞ்சள் ஒயினுக்கு அடுத்த மாதம் ஆறு வருஷம் முடிகிறது. தன் வீட்டுக்குப் பூட்டுப் போடலாம், ஊருக்கே எப்படிப் போடுவது? இரவும் பகலும் கண்கொட்டாமல் அவனைக் காக்க அவளுக்கு உடம்பில் தெம்பும் இல்லை.

"மொதலாளிகிட்ட என்னப் பத்தி நல்லதா ஒரு வார்த்த சொல்லுங்கம்மா," என்றான்.

"சொல்றேன்," என்றாள் ஒடில். பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"அந்த முதியோர் இல்லத்துல, அவரை என்னிக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க?"