பெட்டிக்குள் வைத்த வெப்சைட்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ‘தகராறு’. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் என்ன என்று திரும்பிப் பார்ப்பாள். வெப்சைட் எழுதுவதுதான் தொழில். ஆனால் வாயைத் திறந்தால் கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருள்களைப் பற்றித்தான் பேச்சு. “கால்குலேட்டருக்கு எதுக்குங்க பாஸ்வேர்டு? கூட்டிக் கழிக்க நான் யாருன்னு அதுக்கு ஏன் தெரியணும்?” என்று டீ குடிக்கும் நேரத்தில் ஆரம்பிப்பாள். பாட்டுக் கேட்கத் திறந்தால் செய்தி காட்டுகிறது, நாலு வரி எழுதத் திறந்தால் புதிதாக என்ன வந்திருக்கிறது பார் என்று கையைப் பிடித்து இழுக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போவாள். கேட்பவர்கள் கோப்பையைக் கழுவும் சாக்கில் நழுவிவிடுவார்கள்.

அவர்கள் நிறுவனம் பிராணிகள் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்தது. எந்த நாய்க்கு எந்த ஊசி போட்டார்கள், எந்தப் பூனைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் பிரவுசரில் திறக்கும் ஒரு வெப்சைட்டில் இருந்தது. கம்ப்யூட்டரிலேயே நிறுவிக்கொள்ளும்படி ஒன்று வேண்டும் என்று சில டாக்டர்கள் கேட்டார்கள். முதலாளி சுருக்கு வழி பார்த்தார். அதே வெப்சைட்டை, பிரவுசர் தெரியாதபடி ஒரு பெட்டிக்குள் வைத்து, திரையில் ஒரு ஐகானை ஒட்டிவிட்டால் போகிறது.

“ரெண்டு நாள் வேலை. நீங்களே முடிச்சிடுங்க” என்றார்.

“மாட்டேன் சார். அது டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் இல்ல. வெப்சைட்டுக்குக் கோட்டு மாட்டிவிடுற வேலை.”

“கோட்டு நல்லா இருந்தா உள்ள யாரும்மா எட்டிப் பாக்கப்போறா?”

“உபயோகிக்கறவங்க பாப்பாங்க.”

“கருத்து எல்லாருக்கும்தான் இருக்கு. வேலை செய்யற ஒண்ணைக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்.”

அவள் வாயை அடைக்கத்தான் அவர் அப்படிச் சொன்னார். அவளோ அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய அண்ணி ஒரு பிராணி மருத்துவர். அண்ணியின் ஆஸ்பத்திரியும் இவர்கள் வெப்சைட்டில்தான் ஓடியது. சனிக்கிழமை காலையில் இவள் அங்கே போய் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அண்ணி இடது முழங்கைக்கடியில் ஒரு முரட்டுப் பூனையை அழுத்திக்கொண்டு, வலது கையின் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். பாதிக் குறிப்பில் பூனை பிறாண்டியது. அதைச் சமாதானப்படுத்தி, கட்டுப்போட்டு, திரும்பி வந்தால் திரையில் ‘மீண்டும் உள்நுழையவும்’ என்று இருந்தது. எழுதியதெல்லாம் போயே போய்விட்டது.

“இந்தப் பக்கத்தை எழுதின மகராசன் யாருன்னு மட்டும் எனக்குத் தெரியட்டும்” என்று அண்ணி பல்லைக் கடித்தாள்.

“நான்தான் அண்ணி.”

அண்ணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “அப்ப இந்தப் பூனையை நீயே பிடி” என்று அவள் மடியில் போட்டுவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.

கம்ப்யூட்டரிலேயே ஓடும் ஒன்றைத் தானே எழுதுவது என்று அன்றைக்கே தீர்மானம் ஆகிவிட்டது. அந்த மாதிரி நிரலை அவள் எழுதியதே இல்லை. வெப் வேறு, இது வேறு. புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அரிச்சுவடியிலிருந்து தொடங்கினாள். வார இறுதிகள் அதிலேயே கரைந்தன. முதலில் செய்தது திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. அடுத்தது திறந்தது, ஆனால் எழுத்து சின்னது என்று அண்ணி ஒதுக்கினாள். “நான் கண்ணாடியைக் கழட்டிட்டு வேலை பாக்கறவ. எறும்பு ஊர்ற மாதிரி எழுதினா எப்படி?” இவள் முணுமுணுத்துக்கொண்டே பெரிதாக்கினாள். ஐகானைத் தொட்டதும் திறக்க வேண்டும், தட்டத் தட்ட அதுவே சேமிக்க வேண்டும், எதையும் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. இந்த மூன்றில் மட்டும் யாருக்காகவும் இறங்கி வரவில்லை.

மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளவே கூடாது என்பதும் அவளுடைய கட்சிதான். அதில் மண் விழுந்தது. எடையை முழுக் கிலோவில் மட்டும் எழுதும்படி வைத்திருந்தாள். வெள்ளெலி வந்தபோது அது பூஜ்யம் என்று காட்டியது. திருத்தி, ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய்ப் போட்டாள். உள்ளறையில் இருந்த ஒன்றை மறந்துவிட்டாள். மறுநாள் அண்ணி போன் செய்தாள்.

“இந்த எலிக்கு இன்னிக்கும் எடையே இல்லையாம். ஆவியா இருக்குமோ?”

பேசாமல் கட்சி மாறினாள். ஆனால் வேலை நடக்கும்போது மூச்சுக் காட்டக் கூடாது, மூடும்போது மட்டும் புதுப்பித்துக்கொள்ளட்டும் என்று எழுதினாள்.

பிறகு முதலாளியை ஆஸ்பத்திரிக்கே அழைத்து வந்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வண்டியில் அடிபட்ட ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் ஓடி வந்தார்கள். தரையெல்லாம் ரத்தம். அண்ணி காயத்தை அழுத்தினாள். இவள் ஓடிப்போய் நாயின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், சும்மா நிக்காதீங்க. நான் சொல்லச் சொல்லப் போடுங்க!” என்று அண்ணி அதட்டினாள்.

முதலாளி அதற்கு முன் அந்தப் புது மென்பொருளைத் தொட்டதே இல்லை. எடை, மருந்து, அளவு என்று அண்ணி சொல்லச் சொல்ல, யாரையும் எதுவும் கேட்காமல் தட்டினார். நடுவில் பக்கத்து அறையிலிருந்து துணியை எடுத்துவரச் சொன்னாள். ஓடிப் போய் வந்தார். எழுதியது எழுதியபடி இருந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நாய் பிழைத்தது. தையல் போட்டு முடித்ததும் முதலாளி கை கழுவினார். பாராட்டவெல்லாம் இல்லை.

“மத்த ஆஸ்பத்திரிக்கும் இது போச்சுன்னா யாரு பாத்துக்கறது?”

“நான்.”

“வீட்ல இருந்து போன்ல பாக்கற டாக்டருங்களுக்கு?”

“அவங்களுக்கு வெப்சைட்தான் சார் சரி. அதையும் நான்தான் பாப்பேன்.”

“ரெண்டையும் இழுத்துப் போட்டுக்கிட்டுத் திணறக் கூடாது.”

“திணறினா சொல்றேன். பெட்டி மட்டும் வேண்டாம்.”

அவர் சட்டைக் கையில் பட்ட ரத்தத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “சரி, வேண்டாம்” என்றார்.

திங்கள்கிழமை அலுவலகத்துக்கு வந்ததும் அவள் புது மென்பொருளைத் திறக்கவில்லை. பழைய வெப்சைட்டில், எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆளை வெளியே தள்ளும் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். தன் கையால் எழுதியதுதானே. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து திருத்தத் தொடங்கினாள்.